அன்று கதவைத் திறந்தவன்

துரின்,
2 மார்ச் 2003

அன்புச் சகோதரன் ஷர்க்கிக்கு,

ஜிலாலியின் சலாம். நானும் ரக்கியாவும் மகள் இக்ராமும் நலம். உன் வீட்டிலும் எல்லாரும் நலமாக இருக்க அல்லாஹ் அருளட்டும். நம் ஊர் பூஜாத்தில் இந்த வருஷமாவது மழை உண்டா? நாலு வரி எழுத உனக்குக் கை வலிக்கிறதா?

ஊருக்குப் போகிற பார்சல் வண்டி ஓட்டுநரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தபாலை நம்பினால் ரமலான் வந்துவிடும். கூடவே ஒரு போர்வை, புதுச் சரக்கு. சாயம் போகாது என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்கிறேன். உன்னிடம் உண்மையைச் சொல்கிறேன்: முதல் சலவையைத் தனியாகப் போடு.

விஷயத்துக்கு வருகிறேன். இத்தாலியக் குடியுரிமைக்கு மனுக் கொடுக்கிறேன். பத்து வருஷம் இடைவிடாமல் இந்த நாட்டில் குடியிருந்ததற்குச் சான்று கேட்கிறார்கள். துரின் பதிவேட்டில் என் பெயர் தொண்ணூற்றைந்தில்தான் ஏறியது. அதற்கு முந்தைய நாலு வருஷம் தெற்கே, நாம் தக்காளி பறித்த ஊரின் நகராட்சியில் கிடக்கிறது. நேரில் போனால்தான் காரியம் நடக்கும். அடுத்த மாதம் குடும்பத்தோடு ரயிலில் போகிறோம். இக்ராமுக்குப் பதினேழு ஆகிறது. பதினெட்டு முடிவதற்குள் எனக்குக் கிடைத்தால் அவளுக்கும் தானாகக் கிடைத்துவிடும். அதுதான் அவசரம்.

நீ, உன் அண்ணன் மிலூத், நான், மூன்று பேரும் படுத்திருந்த அந்தப் பண்ணை வீட்டின் முகவரி நினைவிருக்கிறதா? எனக்கு வாசலில் இருந்த கிணறு மட்டும்தான் நினைவில் நிற்கிறது.

மிலூத்தோடு உனக்கு இன்னும் பேச்சு இல்லை என்று கேள்விப்பட்டேன். உடன்பிறந்தவர்கள் விவகாரம், நான் வாய் திறக்கவில்லை.

உன் சகோதரன்,
ஜிலாலி


பூஜாத்,
15 மார்ச் 2003

இத்தாலிக்காரனாகப் போகிற என் சகோதரன் ஜிலாலிக்கு,

ஷர்க்கியின் சலாம். ரக்கியாவுக்கும் மகள் இக்ராமுக்கும் எங்கள் துஆ.

உன் கடிதத்தை நான் பிரிப்பதற்குள் என் வீட்டுக்காரி போர்வையை ஊறப்போட்டுவிட்டாள். இப்போது எங்கள் வீட்டில் எல்லாத் துணியும் சிவப்பு. “உங்க கூட்டாளி அனுப்பினது போர்வையா, மருதாணியா?” என்று கேட்கிறாள். நான் என்ன பதில் சொல்ல?

முகவரி கேட்டாய். சான் லேயோ சாலை, பதினேழாம் எண். அதை நான் மறப்பேனா? அந்த எண்ணிலிருந்துதானே என் பெயரை அடித்தார்கள்.

உனக்குத் தெரியாதது இல்லை. பாஸ்போர்ட் புதுப்பிக்க நான் நேப்பிள்ஸ் போன அன்று, வீட்டைச் சரிபார்க்க நகராட்சிப் போலீஸ்காரர் வந்தார். இந்த அறையில் இரண்டு பேர்தான் இருக்கலாம், மூன்று பெயர் எப்படி என்று கேட்டார். கதவைத் திறந்த மிலூத், ஷர்க்கி ஊருக்கே போய்விட்டான் என்று சொல்லி என் பெயரை எடுக்கவைத்தான். அதற்கு முந்தைய வாரம்தான் வாப்பாவின் நிலத்துக்காக அவனும் நானும் அடித்துக்கொண்டோம். வயலிலிருந்து திரும்பியதும் கேள்விப்பட்டதாக என்னிடம் சொன்னவனே நீதான். முகவரி இல்லாதவனுக்குத் தங்கும் அனுமதி அட்டை இல்லை, அடுத்த வருஷமே கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். நீ இன்று மொத்த வியாபாரி. நான் இங்கே சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறேன். குறையாகச் சொல்லவில்லை, அவரவர் எழுத்து.

ஒரே ஒரு உதவி செய். வீட்டைச் சரிபார்த்த தாளில், பதில் சொன்னவனின் கையெழுத்து இருக்கும் இல்லையா? அதற்கு ஒரு நகல் வாங்கி வா. பன்னிரண்டு வருஷமாகக் குர்ஆன் மேல் கைவைத்து, “நான் இல்ல, நான் இல்ல” என்கிறான். அவனும் பிறகு ஊர் திரும்பி, என் கடைக்கு நேர் எதிரிலேயே மசாலாக் கடை வைத்திருக்கிறான். அவன் முகத்தில் விட்டெறிய எனக்கு ஒரு காகிதம் வேண்டும்.

உன் சகோதரன்,
ஷர்க்கி


துரின்,
20 ஏப்ரல் 2003

அன்புச் சகோதரன் ஷர்க்கிக்கு,

சலாம். போய் வந்துவிட்டோம். துரினில் காலையில் ஏறி, பொலோனியாவில் வண்டி மாறி, கடலோரமாகவே ஃபோஜா வரை போனோம். ரக்கியா மடிப்பு ரொட்டியும் ஒலிவக்காயும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு வந்தாள். முட்டையை உரித்ததும் இக்ராமுக்கு மானம் போய்விட்டது. “வாப்பா, மூடுங்க. பெட்டி பூரா நாறுது” என்று இத்தாலிய மொழியில் சொன்னாள். எதிரில் உட்கார்ந்திருந்த இத்தாலிக்கார அம்மா சிரித்துவிட்டார். “நாறலம்மா, எனக்குப் பசியைக் கிளப்பிருச்சு. ஒண்ணு குடுங்க.” அவர் ஒரு பை ஆரஞ்சு கொடுத்தார். ரக்கியாவும் அவரும் மருமகள்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். எங்களுக்கு மருமகள் இல்லை, இருந்தும் ரக்கியா சளைக்கவில்லை.

என் சான்று கிடைத்தது. நீ கேட்ட தாள் கிடைக்கவில்லை. பழைய பதிவேட்டு அறையில் வெள்ளம் புகுந்து, அந்த வருஷத்துத் தாளெல்லாம் நனைந்துபோனதாம். என்ன செய்ய?

பழசைக் கிளறி என்ன ஆகப்போகிறது? கூடப்பிறந்தவன்தானே, விட்டுவிடு.

தேயிலையும் பிள்ளைகளுக்குக் காலணியும் அனுப்பியிருக்கிறேன்.

உன் சகோதரன்,
ஜிலாலி


பூஜாத்,
4 மே 2003

சகோதரன் ஜிலாலிக்கு,

சலாம். காலணி எல்லாருக்கும் அளவாக இருக்கிறது. தாள் நனைந்துபோனது என் நேரம். இத்தாலிக்காரன் காயப்போடக்கூடத் தெரியாதவனா?

விட்டுவிடு என்கிறாய். எப்படி விடுவது என்றும் எழுதியிருக்கலாம். உம்மா இறந்தபோது ஜனாஸா தொழுகையில் அவன் நின்ற வரிசையில் நான் நிற்கவில்லை. அவன் மகன் பிறந்தபோது வீட்டுக்குப் போகவில்லை. போன செவ்வாய்க்கிழமை கடை வாசலில் தலை சுற்றி விழுந்தான். இறைச்சிக் கடைக்காரரும் தையல்காரரும் ஓடிப்போய்த் தூக்கினார்கள். தெருவே என்னைப் பார்த்தது. நான் கையிலிருந்த சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தேன், கோணலை நிமிர்த்துகிற மாதிரி. அதில் கோணலே இல்லை.

இப்போது எழுந்து நடமாடுகிறான்.

உன் சகோதரன்,
ஷர்க்கி


துரின்,
18 மே 2003

ஷர்க்கிக்கு,

சலாம். இதைத் தொலைபேசியில் சொல்ல மூன்று முறை எண்ணைச் சுழற்றி வைத்துவிட்டேன்.

அந்தத் தாள் நனையவில்லை. காய்ந்து, தெளிவாக, நேற்று எழுதியதுபோல் இருந்தது. அன்று வயலில் இருந்தவன் மிலூத். கதவைத் திறந்தவன் நான்.

போலீஸ்காரர் பேனாவைத் திறந்து பிடித்துக்கொண்டு, “மூணு பேர்ல ஒருத்தன் போகணும். யாரு?” என்றார். கடைசியாகச் சேர்ந்தவன் நான், என் பெயர்தான் போயிருக்க வேண்டும். நீ எதிரில் இல்லை. ஷர்க்கி ஊருக்கே போய்விட்டான் என்றேன். கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டேன். மறுநாள் நீ நேப்பிள்ஸிலிருந்து வந்து யார் சொன்னது என்று கேட்டபோது மிலூத் என்றேன். நீங்கள் இரண்டு பேரும் சண்டையில் இருந்தீர்கள், நம்பிவிடுவாய் என்று தெரிந்தேதான் சொன்னேன். பயத்தில் வாய் தவறி வந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் தவறி வரவில்லை.

நகராட்சியில் நான் கேட்டது என் சான்றை மட்டும். அந்த அலுவலக அம்மா பதினேழாம் எண்ணின் கோப்பையே எடுத்து வந்து இக்ராம் பக்கம் திருப்பிவைத்தார். “உங்க அப்பா பேரு சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லும்மா.” இக்ராம் எங்களுக்காக எப்போதும் சத்தமாகப் படித்து நம் பேச்சில் சொல்வாள். அப்படியே படித்தாள். “பதினாலு ஜூன் தொண்ணூத்தொண்ணு. ஷர்க்கிங்கறவர் சொந்த நாட்டுக்கே திரும்பிட்டதா, அதே அறையில குடியிருக்குற ஜிலாலி சொன்னாரு…” அங்கே நின்றுவிட்டாள். “வாப்பா, இது உங்க கையெழுத்துதானே?”

ரக்கியா என்னைப் பார்க்கவில்லை, தாளைப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. “எந்த ஷர்க்கி? நம்ம ஷர்க்கி அண்ணனா?”

அலுவலக அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. “எல்லாம் சரியா இருக்குங்களா?” என்று கேட்டார்.

“சரியா இருக்குங்க” என்றேன்.

திரும்பி வரும்போது ரயிலில் ரக்கியா ரொட்டியைப் பிட்டு நீட்டினாள். இக்ராம் வாங்கவில்லை. பெஸ்காரா தாண்டியதும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “அவருக்கு எழுதுவீங்களா?” எழுதுகிறேன் என்றேன். வீட்டுக்கு வந்து நான் எழுதியது என்ன என்று உனக்குத் தெரியும், வெள்ளம் புகுந்தது என்று எழுதினேன்.

உன் பதில் வந்ததும், படித்துக் காட்டுங்கள் என்று இக்ராம் வந்து உட்கார்ந்தாள். அரபி எழுத்து அவளுக்கு வராது. நான் எதையாவது மாற்றிப் படித்திருக்கலாம், இத்தனை வருஷம் வியாபாரம் செய்தவனுக்கு அது பெரிய வேலை இல்லை. ஆனால் உள்ளது உள்ளபடியே படித்தேன், நீ சக்கரத்தைச் சுற்றியது வரைக்கும்.

“மிலூத் யாரு?” என்றாள். சொன்னேன்.

“விழுந்தவரைத் தூக்கிட்டாங்கல்ல?”

“தூக்கிட்டாங்க.”

“அவரு தம்பி தூக்கல. அது உங்களாலதான் வாப்பா.”

பதினோரு வருஷமாக நான் உனக்கு அனுப்பியதெல்லாம் அன்பினால் என்று நீ நினைத்திருப்பாய். அன்பும் இருந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் பார்சலைக் கட்டி முடித்ததும் ஒரு மாதம் நிம்மதியாக இருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சான்றை மனுவோடு சேர்த்துக் கொடுத்துவிட்டேன். கிழித்துப் போட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும், நான் கிழிக்கவில்லை. இக்ராமுக்காகத்தான் என்று வீட்டில் சொன்னேன். “இதுல என் பேரைச் சொல்லாதீங்க” என்றாள்.

நீ கேட்ட நகல் உள்ளே இருக்கிறது. நான் தனியாக எழுதிக் கேட்டதும் அனுப்பிவைத்தார்கள். ஆகஸ்டில் உன் வீட்டுக்கு வரலாமா? மன்னிப்பாயா என்று கேட்க எனக்குக் கூசுகிறது. வரலாமா என்று மட்டும் கேட்கிறேன்.

ஜிலாலி


பூஜாத்,
9 ஜூன் 2003

ஜிலாலிக்கு,

சலாம். இந்த வாரம் பார்சல் வந்தது. பிரிக்காமல் ஓட்டுநரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். உன்மேல் கோபப்பட உட்காரும்போதெல்லாம் வேறொன்று முன்னால் வந்து நிற்கிறது. அதை எழுதுகிறேன்.

உன் கடிதத்தையும் நகலையும் எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தேன். எட்டு அடி அகலத் தெரு. மிலூத் ஒரு பெண்ணுக்குச் சீரகம் நிறுத்துக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமலே, நான்தான் என்று தெரிந்தே, “யாரு, போலீஸா? ஷர்க்கி இங்க இல்ல, எப்பவோ போயிட்டான்னு எழுதிக்கோங்க” என்றான். அந்தப் பெண் சிரித்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது.

அவள் போனதும் கடிதத்தை நீட்டினேன். நின்றபடியே கடைசி வரி வரை படித்தான். நகலைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. மடித்து என் கையிலேயே வைத்தான். “பன்னெண்டு வருஷமா நான் வாயால சொன்னேன். குர்ஆன் மேல கை வச்சுச் சொன்னேன். உம்மா கடைசியா கெடக்கும்போது அவ முன்னாடி சொன்னேன். அது உனக்குப் பத்தல. அவன் ஒரு தாள அனுப்பினதும் பத்திருச்சு, இல்ல?”

“அண்ணே” என்றேன்.

“கடையை மறைச்சு நிக்காத. ஆளுங்க வர்ற நேரம்” என்றான்.

நீ ஒருமுறை பொய் சொன்னாய் ஜிலாலி. அதை நம்பியவன் நான். ஒருமுறை இல்லை, தினமும் காலையில் கடை திறக்கும்போதெல்லாம் எதிரே பார்த்து மறுபடி நம்பினேன். அவன் சத்தியம் செய்ததை நம்பினால் நிலத்து விஷயத்தில் அவன் சொன்னதையும் கேட்க வேண்டியிருக்கும். உன் பொய் எனக்கு வசதியாக இருந்தது. இதை யாரிடம் சொல்வேன்? உன்னிடம்தான் சொல்ல முடிகிறது, அதுவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்றிலிருந்து தினமும் அவன் கடை திறக்கிற நேரத்தில் போய் சலாம் சொல்கிறேன். சலாமுக்குப் பதில் சொல்வது கடமை என்பதால் சொல்கிறான். அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை.

ஆகஸ்டில் வரலாமா என்று கேட்டாய். வா. என் வீட்டுக்கு அல்ல, அவன் கடைக்கு. சந்தை நாளில், ஊர் கூடியிருக்கும்போது வா. காகிதம் எதுவும் கொண்டு வராதே, கையில் பையும் வேண்டாம். அன்று கதவைத் திறந்தவன் யார் என்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி வாயால் சொல். நான் பக்கத்தில் நிற்பேன். உனக்குத் துணையாக என்று நினைத்துவிடாதே. நீ சொல்லி முடித்ததும் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

அதன் பிறகு அவன் நம்மை உள்ளே கூப்பிடுவானா, வெயிலில் நிறுத்திவிட்டு மிளகு நிறுப்பானா என்பது அவன் பாடு. இக்ராம் வர விரும்பினால் அழைத்து வா. ரக்கியாவுக்கு எங்கள் சலாம்.

மிலூத்தின் தம்பி,
ஷர்க்கி