அம்மா வாங்கிய பெயிண்ட் துப்பாக்கி

மயிலாப்பூர்
புதன்கிழமை

அன்பு மகள் ஷண்முகப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் உடம்புக்குக் குறையொன்றும் இல்லாமல் இருக்கிறோம், அந்த எட்மண்டன் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க முண்டகக்கண்ணி அம்மனை வேண்டிக்கொள்கிறேன். எதிர்வீட்டு ஸ்ரீரங்கன் சார் அடுத்த வாரம் அவர் மகளைப் பார்க்க உங்கள் ஊருக்கு வருகிறார், அவரிடம் கூழ் வடகமும் எள்ளு போட்ட இட்லிப் பொடியும் கொடுத்துவிடுகிறேன், அந்தப் பைக்குள்தான் இந்தக் கடிதமும் இருக்கும். இங்கே மெட்ரோவுக்குத் தோண்டிய மண் இன்னும் வீட்டுக்குள் வந்துகொண்டுதான் இருக்கிறது, காலையில் பெருக்கினால் சாயங்காலம் பாத்திரத்தில் விரலால் பெயர் எழுதலாம். அப்பா முட்டி வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு நடக்கமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறார், நீ சொன்னால்தான் கேட்பார், போனில் கொஞ்சம் அதட்டு.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சிரித்துக்கொண்டே, ஆபீஸ் பெண்களோடு பெயிண்ட்பால் விளையாடப் போகிறேன்மா, முதல் துப்பாக்கி ஒன்று விலை குறைவாக வாங்கணும், எதை வாங்குவதென்று தெரியவில்லை என்றாய். நான் அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை. அம்மாவுக்கு நான் எது செய்தாலும் பிடிக்காது என்று நினைத்திருப்பாய். உன்மேல் ஒன்றும் இல்லை கண்ணு, பெயிண்ட்பால் என்ற வார்த்தையைக் கேட்டதும்தான் போனை வைத்தேன். ஏன் என்று போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் மழுப்பிவிடுவேன், அதனால்தான் தாளில் எழுதுகிறேன். நீ கேட்டதற்குப் பதிலும் இதற்குள் இருக்கிறது. ஏனென்றால் நானே ஒரு துப்பாக்கி வாங்கினேன்.

எங்கள் ஜவுளிக் கடையில் முதலாளி சண்முகவேல் அண்ணாச்சி இப்போது சாயங்காலம் மட்டும்தான் வந்து உட்காருகிறார், எல்லாம் மகன் மகேஷ்தான். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவன், என்னை முதலாளி என்று கூப்பிடாதீர்கள், நாமெல்லாம் ஒரே குடும்பம் என்பான். ஆடித் தள்ளுபடி முடிந்ததும் குடும்பமாக வெளியே போகிறோம் என்று பாதிப் பேரை வேனில் ஏற்றி ஈ.சி.ஆர். பக்கம், ஒருவர்மேல் ஒருவர் பெயிண்ட் உருண்டையைச் சுட்டு விளையாடுகிற ஒரு பெயிண்ட்பால் மைதானத்துக்குக் கூட்டிப்போனான். பட்டுச் செக்‌ஷன் பெண்கள் பன்னிரண்டு பேரும், அவர்களுக்கு சூப்பர்வைசர் என்று நானும் ஒரு பக்கம், ஆபீஸ் ஆண்கள் எதிர்ப்பக்கம். வாடகைக்குக் கொடுத்த முகமூடியை மூக்கருகே கொண்டுபோனதுமே ஓங்கரித்துக்கொண்டு வந்தது. உள்ளே இருந்த ஸ்பாஞ்ச் ஈரமாக இருந்தது, யாரோ ஒருவருடைய வியர்வை, யாரோ ஒருவருடைய எச்சில், அதை என் வாயோடு ஒட்டிக்கொண்டு ஒரு மணி நேரம். வெயிலில் அந்தப் பெயிண்ட் உருண்டைகள் ஊதி ஒன்றோடொன்று பிசுபிசு என்று ஒட்டிக்கொண்டிருந்தன, உடைந்தால் கெட்டுப்போன எண்ணெய் வாடை, ஒரு துளி உதட்டில் பட்டு ராத்திரி வரை கசந்தது. எங்களுக்குக் கொடுத்த துப்பாக்கிகளில் பாதி சுடவே இல்லை. மகேஷ் தனக்கென்று ஒன்று வைத்திருந்தான், பாட்டரியில் ஓடுவது, விசையைத் தொட்டால் மழை மாதிரி கொட்டும்.

தாரணி என்று சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், இருபத்திரண்டு வயது, கடை ஹாஸ்டலில் இருக்கிறாள். கையில் ஒரு உருண்டை பட்டதும் சொல்லிக்கொடுத்தபடி ஒரு கையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தாள். பட்டவர் கை தூக்கினால் ஆட்டத்தை விட்டுப் போகிறார், அவரைச் சுடக்கூடாது, அங்கே அதுதான் முதல் விதி. மகேஷ் அவள் பின்னால் ஐந்தடி தூரத்தில் நின்றுகொண்டு முதுகில் மூன்று முறை சுட்டான். அவள் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். ஆபீஸ் ஆண்கள் சிரித்தார்கள். அவன் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தான். நானும் சிரித்தேன் ப்ரியா. பதினோரு வருஷமாக முதலாளி பார்க்கும்போதெல்லாம் சிரித்துப் பழகிய வாய், அதுவாகவே சிரித்துவிட்டது.

திரும்பும்போது அவளால் வேனில் சாய்ந்து உட்கார முடியவில்லை. ஹாஸ்டல் பாத்ரூமில் சட்டையைத் தூக்கிப் பார்த்தேன், எலுமிச்சம்பழம் அளவுக்கு மூன்று கருநீலம், ஒன்றில் தோல் கிழிந்து ரத்தம் காய்ந்திருந்தது. ஐஸ் வைத்துக்கொண்டிருக்கும்போது சுவரைப் பார்த்தபடி, “அக்கா, நீங்களும் சிரிச்சீங்க” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மறுநாள் மகேஷ் அந்தக் காட்சியை ஒரு பாட்டோடு சேர்த்து கடை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தான். முப்பது பேர் சிரிக்கிற பொம்மை போட்டிருந்தார்கள். தீபாவளி முடிந்ததும் மறுபடி போகிறோம் என்று அடியில் எழுதியிருந்தான். அதைப் பார்த்தபோது எனக்கு அவன்மேல் வந்த அருவருப்பைவிட என் முகத்தின்மேல் வந்ததுதான் அதிகம். ஒரு வாரம் கண்ணாடி பார்க்காமல் பொட்டு வைத்துக்கொண்டேன்.

அடுத்த புதன்கிழமை எனக்கு வார விடுமுறை. திருவான்மியூர் போய் அங்கிருந்து பஸ் மாறி அந்த மைதானத்துக்கே போனேன். துப்பாக்கிகளைப் பழுது பார்க்கிறவர் புகழேந்தி, ஊரூர் குப்பத்துக்காரர், முப்பது வயதிருக்கும், பழசான வாடகைத் துப்பாக்கிகளைச் சரிசெய்து அவரே விற்கிறார். “இன்னாம்மா, பையனுக்கா?” என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். சிரிக்காமல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார், அதனாலேயே அவர் சொன்னதையெல்லாம் கேட்டேன். மேசையில் மூன்றை வைத்தார். முதலாவது மகேஷ் வைத்திருப்பதுபோலப் பாட்டரித் துப்பாக்கி, இரண்டாவது பட்டாளத்துத் துப்பாக்கி மாதிரி வேஷம் போட்டது, மூன்றாவது பெயிண்ட் உதிர்ந்து நெளிந்துபோன ஒன்று, ஒவ்வொரு தடவையும் கையால் இழுத்துவிட்டுத்தான் சுடணும். “பாட்டரிது வேணாம்மா, ஈரம் பூந்தா அவ்ளோதான், செலவு வெச்சுக்கினே இருக்கும். ஒரு செகண்டுல பத்து உருண்டைய துப்பிடும், புச்சா வெளயாடறவங்க குறி பாக்கவே கத்துக்க மாட்டாங்க. இந்த மிலிட்டிரி ஐட்டம் பார்வைக்குத்தான், பாதி பிளாஸ்டிக்கு, வெயிட்டு மட்டும் கீது” என்றார். மூன்றாவதை என் கையில் கொடுத்து, புடவைக் கட்டைப் பிடிப்பதுபோல ஐந்து நிமிஷம் நீட்டிப் பிடிக்கச் சொன்னார். ஐந்து நிமிஷமும் கை இறங்கவில்லை. உருண்டையைத் தள்ளுகிற சின்ன கேஸ் சிலிண்டரை அதில் மாட்டிக் காதருகே வைத்து உஸ் என்று சத்தம் வருகிறதா என்று கேட்கச் சொன்னார், வந்தால் உள்ளே ரப்பர் வளையம் போய்விட்டது என்று அர்த்தமாம். குழலைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே கீறல் இருக்கிறதா என்று பார்க்கவைத்தார். சிலிண்டரின் கழுத்தில் சோதனை செய்த தேதி இருக்கும், அதன் கெடு முடிந்திருந்தால் இனாமாகக் கொடுத்தாலும் தொடக்கூடாது என்றார்.

எல்லாம் பார்த்து நெளிந்ததையே எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அவர் அதை வாங்கி மேசைக்கடியில் வைத்துவிட்டு, “மொதல்ல மாஸ்க்கு வாங்கும்மா. காசு மிச்சம் இருந்தா துப்பாக்கி. இல்லன்னா துப்பாக்கிய வாடகைக்கு எடுத்துக்கலாம், கண்ண வாடகைக்கு எடுக்க முடியாது” என்றார். புது முகமூடி, காதையும் மூடுவது, கண்ணாடி இரட்டையாக இருப்பதால் மூச்சுவிட்டால் ஆவி படியாது. துப்பாக்கியின் விலையைவிட அது கூடத்தான், ஆனாலும் இரண்டையும் வாங்கினேன். வேறு யாருடைய எச்சிலும் படாத முகமூடி. துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம், வழியில் போலீஸ் பையைத் திறந்தால் விளக்கிச் சொல்ல முடியாது, இங்கேயே பெட்டியில் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். அப்பாவிடம் சொன்னபோது சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு யாரைச் சுடப் போகிறாய் என்று கேட்டார். நான் அவருடைய தைல பாட்டிலை எடுக்கப் போனேன். ஆறு புதன்கிழமை போய் எண்ணெய் டின்னை வைத்துச் சுட்டுப் பழகினேன். சொன்னால் நம்பமாட்டாய், எனக்குக் குறி நன்றாக வந்தது.

தீபாவளி முடிந்து மறுபடி வேனில் ஏற்றினார்கள். நான் ஒரு டயர் அடுக்குக்குப் பின்னால் ஒளிந்து அரைமணி நேரம் அசையாமல் இருந்தேன், நிற்பதுதானே எங்கள் தொழில். மகேஷ் ஓடி வந்து என் முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். தோளில் சுட்டேன். பட்டது. அவன் உடனே கையைத் தூக்கினான். தூக்கிய கை எனக்கு நன்றாகத் தெரிந்தது ப்ரியா, மோதிரம் தெரிந்தது. மறுபடி இழுத்து முதுகில் ஒன்று, மறுபடி இழுத்து இன்னொன்று, மறுபடி இழுத்து மூன்றாவது. என் துப்பாக்கியில் ஒவ்வொன்றுக்கும் கையால் இழுக்கணும் என்று சொன்னேன் அல்லவா, ஒவ்வொன்றுக்கும் நடுவில் நிறுத்திவிட நேரம் இருந்தது. நான் நிறுத்தவில்லை. அவன் குனிந்து அம்மா என்று முனகினான். பெண்கள் கை தட்டினார்கள். அவன் நிமிர்ந்து வலியைக் காட்டிக்கொள்ளாமல், “சூப்பர் அக்கா, நீங்கதான் இனிமே கேப்டன்” என்றான். நான் பைப்படியில் போய் வாந்தி எடுத்தேன். முகமூடி சுத்தமாகத்தான் இருந்தது, நாற்றம் முகமூடியில் இல்லை.

அன்று சாயங்காலமே நான் சுட்டதும் ஒரு வீடியோவாகக் குரூப்பில் வந்துவிட்டது, இந்த முறை நாற்பது பொம்மை. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அவன் அறைக்குப் போய், “நீங்க கை தூக்கினதை நான் பாத்தேன் சார், பாத்துட்டுத்தான் சுட்டேன்” என்றேன். விடுங்கக்கா, விளையாட்டுதானே என்றான். “விளையாட்டு இல்ல சார், அன்னைக்கு தாரணியும் கை தூக்கித்தான் இருந்தா. உங்களுக்கு வலிச்ச மாதிரிதான் அவளுக்கும் வலிச்சது. நான் அன்னைக்குச் சிரிச்சேன், இன்னைக்குச் சுட்டேன், ரெண்டும் எனக்கு அசிங்கமா இருக்கு” என்றேன். அவன் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தான். தாரணி கை தூக்கியதைக் கவனிக்கவில்லை என்றான். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. இனிமேல் விருப்பப்பட்டவர்கள் மட்டும் போகட்டும், வராதவர்களுக்கு அந்த நாள் லீவாக இருக்கட்டும் என்று கேட்டேன். சரி என்றான். சாயங்காலம் இரண்டு வீடியோவும் குரூப்பிலிருந்து போய்விட்டன. ஆனால் தாரணியிடம் அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. வேலை போகுமென்று பயந்துகொண்டே இருந்தேன், போகவில்லை, ஆனால் இப்போது என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போகிறான். தாரணியிடம் நான் சொல்ல வேண்டியதை நான் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள், மன்னித்துவிட்டேன் என்றெல்லாம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பொங்கல் கழிந்து மூன்றாவது தடவை போனபோது பட்டுச் செக்‌ஷனிலிருந்து நாலு பேர்தான் பெயர் கொடுத்தார்கள். முதல் பெயர் தாரணி. எனக்கு ஆத்திரமாகக்கூட வந்தது, உனக்கு வெட்கமில்லையா, எதற்குப் போகிறாய் என்று கேட்டுவிட்டேன். “வெளையாட்டு நல்லாத்தான் இருக்குக்கா, ஆளுங்கதான் சரியில்ல. அவங்களுக்காக நான் ஏன் விடணும்” என்றாள். முகமூடியை சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து அவளிடம் கொடுத்தேன், புகழேந்திக்குப் போன் செய்து பெட்டியில் இருக்கிற துப்பாக்கியும் இனி அந்தப் பெண்ணுடையது என்று சொல்லிவிட்டேன். என்னால் அதைத் தொட முடியாது. அவள் இரண்டு ஆட்டம் ஜெயித்துவிட்டு வந்தாளாம். அன்று நான் லீவில் வீட்டில் அப்பாவுக்கு வெந்தயக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தேன்.

அதனால் நீ வாங்கு கண்ணு. வேண்டாம் என்று சொல்ல இந்தக் கடிதம் எழுதவில்லை. முதலில் முகமூடி, அதையும் புதிதாக, யார் சொன்னாலும் அதில் சிக்கனம் பிடிக்காதே. மைதானத்தில் இருக்கும்வரை எவ்வளவு வேர்த்தாலும் முகத்திலிருந்து கழற்றாதே. துப்பாக்கி பழசு போதும், ஒரு தடவைக்கு ஒரு உருண்டை போகிறதாக, நீயே பிரித்துத் துடைத்து மாட்டுகிறதாகப் பார். ஆடி முடித்ததும் குழல் வாயில் துணி உறையைப் போட்டுவிடு, போட்ட பிறகும் யார் பக்கமும் திருப்பாதே. கை தூக்கினவர் யாராக இருந்தாலும், உனக்கு எவ்வளவு கெடுதல் செய்தவராக இருந்தாலும், விசையிலிருந்து விரலை எடுத்துவிடு. எடுக்காவிட்டால் எப்படி இருக்கும் என்று உன் அம்மாவுக்குத் தெரியும்.

வடகத்தை வெயில் இல்லாத ஊர் என்று அப்படியே வைத்துவிடாதே, டப்பாவில் போட்டு இறுக மூடு. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். நீங்கள் இரண்டு பேரும் எந்தக் குறையும் இல்லாமல், நல்ல மனிதர்கள் நடுவில், நீண்ட நாள் வாழ வேண்டும். இதைப் படித்து முடித்ததும் எனக்குப் போன் செய், நான் உடனே வைத்துவிட மாட்டேன்.

என்றும் உன் நினைவாக இருக்கும்
அம்மா
முத்துலட்சுமி