அசிங்கமாக இருக்கட்டும்

ஜூலை 14

செய்தி வந்தது பிற்பகல் 2.17க்கு. நான் பார்த்தது 3.40க்கு.

நடுவில் எண்பத்து மூன்று நிமிஷம் நான் மலைமேல் போன் டவரில் தொங்கியபடி ஆன்டெனாவுக்கு போல்ட் முறுக்கிக்கொண்டிருந்தேன். டவர் ஏறும்போது போனை அணைத்து வண்டியில் வைத்துவிட வேண்டும். ஐந்து வருஷமாக அப்படித்தான். அன்றைக்கும் அப்படித்தான். இறங்கி வந்து போட்டால் பதினொரு அழைப்பு. என் பெண்டாட்டி தோரிகா, வேலை பார்க்கிற மருந்துக் கடை கவுன்ட்டரில் நின்றபடியே விழுந்திருக்கிறாள். தலைக்குள் ரத்தக் குழாய் வெடித்ததாம். இருபத்தொன்பது வயசு.

அது ஜூன் 9. அவள் போய் இன்றைக்கு முப்பத்தாறாம் நாள். ஏன் இதை இப்போது எழுதுகிறேன்? அவளுடைய நோட்டு கிடைத்தது, அதனால்தான். முதல் நாலு பக்கம் அவள் கையெழுத்து. மீதி எல்லாம் வெள்ளை. அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

ஜூலை 15

சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் தெரியாது.

ஜூலை 19

நாலு பக்கத்தையும் இன்றைக்குத்தான் முழுசாகப் படித்தேன். கேம் விளையாட அவள் வாங்க நினைத்த கம்ப்யூட்டருக்கான பட்டியல். முதல் கம்ப்யூட்டர். இதுவரை போனிலும் என்னுடைய ஆபீஸ் லேப்டாப்பிலும்தான் விளையாடினாள். லேப்டாப் அடுப்பு மாதிரி சுடும், அடியில் மரக்கட்டை வைத்து விளையாடுவாள். நெட்பால் டீம் பெண்கள் ஐந்து பேர், சனிக்கிழமை மதியம் ஒரு ஆட்டம். நெட்பாலில் அவள் கோல் கீப்பர். கம்ப்யூட்டர் ஆட்டத்திலும் பின்னால் நின்று கோட்டையைக் காப்பவள் அவள்தான்.

பட்டியலில் ஒவ்வொரு பாகத்துக்கும் எதிரில் காரணம் எழுதியிருக்கிறாள். பிராசஸர் — ஆறு கோர் போதும், எட்டு எதுக்கு, மிச்சம் பிடிச்சு கிராபிக்ஸ் கார்டுல போடு. ரேம் — ஒரே பெரிய குச்சி வேணாம், ரெண்டு சின்னக் குச்சி, அப்பத்தான் வேகம். திரை — பெருசு வேணாம், வேகமா இருக்கணும். பவர் சப்ளை — நல்லது, இதுல கஞ்சத்தனம் பண்ணாதே. பெட்டி — ஆபீஸ்காரன் பழைய பெட்டி, முன்பக்கம் வலை இருக்கணும். எல்லாம் சேர்த்து மூவாயிரம் டாலர். அதுக்கு மேல ஒரு சென்ட் கிடையாது.

பெட்டிக்குப் பக்கத்தில் 'அசிங்கமா இருக்கட்டும்' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறாள். ஏன் என்று மட்டும் எழுதவில்லை.

கடைசிப் பாகத்துக்குக் கீழே: 'நம்ம ஆட்டத்துல நொடிக்கு 140 படம் வரும். கொறஞ்சா எரோனி சொன்னது சரி.'

எரோனி, அதாவது நான், சொன்னது. ஜூன் 9 காலை, டீ குடிக்கும்போது. பெரிய திரை வாங்கு, எட்டு கோர் வாங்கு, பவர் சப்ளை மலிவானதே போதும் என்றேன். "நீ மருந்து எடுத்துக் குடுக்கிறவ. கரன்ட் விஷயம் டவர்ல வேலை பாக்கிறவனுக்குத் தெரியும். கொண்டா, சாயந்திரம் நான் திருத்தித் தரேன்."

"டவர்ல யாரும் கேம் விளையாடல" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சிரித்தாளா? சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

சாயந்திரம்னு சொன்னேன். சாயந்திரம்னு.

ஜூலை 20, ஞாயிறு

சர்ச்சுக்குப் பிறகு தோரிகாவின் அம்மா வீட்டில் சாப்பாடு. எல்லோரும் கறுப்பு. நூறாம் நாள்தான் கறுப்பைக் கழற்றுவோம். அதுவரை ஆளுக்கு ஒன்றை விட வேண்டும். அத்தை டீக்குச் சர்க்கரையை விட்டிருக்கிறார். தோரிகாவின் அண்ணன் கிதியோனி யங்கோனா வேர்ச்சாறு குடிப்பதை விட்டிருக்கிறான். ஃபிஜியில் பிறந்தவன் மாலையில் யங்கோனாக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெறும் தண்ணீர் குடிப்பதைப் பார்க்கவே பாவமாக இருக்கிறது.

"நீ எதை விட்ட மச்சான்?" என்று என்னைக் கேட்டான்.

ஒன்றுமில்லை என்றேன்.

"அதான பாத்தேன். குளிக்கிறத விட்டிருப்ப. வாசனை சொல்லுது."

அத்தை அவன் முதுகில் ஒன்று வைத்தார். மச்சான் முறை, கிண்டல் பண்ணாவிட்டால்தான் தப்பு. ஆனால் நாற்பது நாளாக அவன் ஒரு கிண்டலும் பண்ணியிருக்கவில்லை.

ஜூலை 26

அரிசி டப்பாவுக்குப் பின்னால் பெரிய பிஸ்கட் டின். திறந்தால் பிஸ்கட் இல்லை. மதர்போர்டு, பிராசஸர், இரண்டு ரேம் குச்சி. துண்டில் சுற்றி, நகை மாதிரி ஒளித்து வைத்திருக்கிறாள்.

யாரிடமிருந்து ஒளித்தாள்? என்னிடமிருந்தா? அவ்வளவு வாயாடினேனா நான்?

மதியம் முழுக்க அந்த டின்னோடு சமையலறையில் உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 27

முடிவு செய்துவிட்டேன். அவள் எழுதினபடியே கட்டுவேன். ஒரு பாகம்கூட மாற்ற மாட்டேன். நூறாம் நாளுக்குள். 140 வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் அவள் சொன்னது சரி. வராவிட்டால் — வராவிட்டால் நான் என்ன செய்வேன்? கடைசியாகப் பேசின பேச்சில் நான்தான் ஜெயித்தேன் என்று ஆகிவிடும். அது எனக்கு வேண்டாம்.

ஆகஸ்ட் 1

சூப்பர்வைசர் கூப்பிட்டார். எப்போது டவர் ஏறுவாய் என்றார். இன்னும் கொஞ்ச நாள் கீழே பேட்டரி அறையிலேயே இருக்கிறேன் என்றேன். சரி என்றார். நல்ல மனுஷன்.

ஆகஸ்ட் 9

பவர் சப்ளை சூவாவிலிருந்து பஸ்ஸில் வந்தது. கையில் எடுத்தாலே கனம் தெரிகிறது. இரண்டு நாள் முன்பு எங்கள் தெருவில் கரன்ட் மூன்று தடவை விழுந்து எழுந்தது. பக்கத்து வீட்டு டிவி போய்விட்டது. எங்கள் தெருக் கரன்ட் நல்லது, மலிவான சப்ளையே தாங்கும் என்று சொன்ன வாய் என் வாய்தான். கரன்ட் படித்தவன்.

ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றிவிட்டேன். பெட்டி. லௌடோகா கடையில் பக்கமெல்லாம் கண்ணாடி, உள்ளே ஏழு நிறத்தில் விளக்கு. இவ்வளவு பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததை ஆபீஸ் குமாஸ்தா பெட்டியிலா வைப்பது? அவளுக்கு நான் கடைசியாகத் தருவது அழகாக இருக்க வேண்டாமா? வரவேற்பறையில் அவள் போட்டோவுக்குக் கீழே வைத்தேன். வெறும் பெட்டிதான், விளக்கை மட்டும் போட்டுப் பார்த்தேன். நிறைய நேரம் பார்த்தேன்.

ஆகஸ்ட் 16

ஐசேயா மாமா வந்தார். தோரிகாவின் அப்பாவுக்குத் தம்பி, சர்ச்சில் பாட்டுக்குழுத் தலைவர். பாயில் உட்கார்ந்தார். போட்டோவைப் பார்த்து அழுதார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே பார்த்தார். விளக்கு சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறியது. பச்சையிலிருந்து நீலத்துக்கு. மாமாவின் கண்ணும் கூடவே மாறியது.

"அழகா இருக்கே மாப்பிள்ளை."

அப்போதே விளக்கை அணைத்திருக்க வேண்டும்.

சர்ச் ஹாலில் பாட்டு வரிகளைத் திரையில் காட்டுகிற கம்ப்யூட்டருக்குப் பெட்டி துருப்பிடித்துவிட்டதாம். பின்பக்கம் எலி போய்வருகிறதாம். பிறகு குரலைத் தாழ்த்தி, தலையைக் குனிந்து, "கெரெகெரே மாப்பிள்ளை" என்றார். அவ்வளவுதான். மாமனார் முறையில் இருக்கிறவர் வாயிலிருந்து, உறவைச் சொல்லிக் கேட்கிற அந்த வார்த்தை வந்தபின் இல்லை என்று சொன்னவன் எங்கள் ஊரில் கிடையாது. நானே தூக்கிப்போய் அவர் வண்டியில் வைத்தேன். விளக்குக்கு ரிமோட் உண்டு என்று அதையும் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பாதிரியார் ஜெபம் பண்ணும்போது சட்டென்று உறைத்தது.

அசிங்கமா இருக்கட்டும். இரண்டு கோடு.

அவளுக்குத் தெரியும்! அவள் சொந்தக்காரர்கள், அவளுக்குத் தெரியாதா? கண்ணுக்கு அழகாக ஒன்றை நடுவீட்டில் வைத்தால் யாராவது ஒருவர் வந்து பாயில் உட்காருவார். கேட்டால் கொடுத்தாக வேண்டும். அதனால் கேட்கவே தோன்றாத ஒன்றை வாங்கு. பிஸ்கட் டின்னும் அதற்குத்தான். என்னிடமிருந்து ஒளிக்கவில்லை அவள். என்னிடமிருந்து இல்லை!

எல்லோரும் கண்மூடி ஜெபிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோள் குலுங்கியது. அழுகிறேன் என்று நினைத்து அத்தை முதுகைத் தடவிக்கொடுத்தார். இரண்டும்தான் அத்தை.

விளக்கப் புத்தகத்தில் இதெல்லாம் போடுவானா? உலகத்தில் எந்த நிபுணன் இந்தக் காரணத்துக்காக ஒரு பெட்டியைத் தேர்ந்தெடுத்திருப்பான்? என் பெண்டாட்டி தேர்ந்தெடுத்தாள்.

ஆகஸ்ட் 23

பெட்டி கிடைத்தது. ஏலத்தில் போன ஏதோ அலுவலகத்துச் சாமான். சாம்பல் நிறம், ஒரு மூலை நசுங்கல், மேலே டீ வட்டம். முன்பக்கம் வலை. கரும்புக் காடு எரிக்கிற மாசங்களில் எங்கள் வீட்டுத் துணியெல்லாம் கரி விழுந்து கிடக்கும். வலைக்கு உள்பக்கம் பழைய காலுறைத் துணியைக் கட்டு, மாசம் ஒருதரம் துவை என்று எழுதியிருக்கிறாள். கட்டினேன்.

கிதியோனி வந்து பார்த்தான். "என்ன மச்சான், கோழி வளக்கப் போறியா?" என்றான்.

கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை அவனுக்கு. எனக்கு எவ்வளவு பெருமை!

ஆகஸ்ட் 30

கிராபிக்ஸ் கார்டு ஆக்லாந்திலிருந்து வந்தது. அத்தையின் தங்கை சூட்கேஸில், இரண்டு கம்பளிச் சட்டைக்கும் ஒரு டஜன் சோப்புக்கும் நடுவில். கார்டு இன்னும் சோப்பு வாசனை அடிக்கிறது. எல்லாப் பாகமும் சேர்ந்துவிட்டது.

செப்டம்பர் 6

காலை ஒன்பதிலிருந்து மதியம் இரண்டு வரை. பிராசஸரைத் திசை பார்த்து வைத்தேன். கம்பிகளை டவரில் கட்டுகிற மாதிரியே வரிசையாகக் கட்டினேன். பட்டனை அழுத்தினேன். விசிறி சுற்றுகிறது. திரை இருட்டு.

மறுபடி. இருட்டு. ரேமைக் கழற்றி மாட்டினேன். இருட்டு. எல்லாவற்றையும் கழற்றி மறுபடி மாட்டினேன். சப்ளையை மீட்டர் வைத்து அளந்தேன், சுத்தமாக இருக்கிறது. இருட்டு.

இன்னும் பத்து நாள். கார்டு சூட்கேஸில் அடிபட்டிருக்குமா? அவ தப்பா எடுத்துட்டாளா? இல்ல. இருக்காது. இருக்கக் கூடாது.

செப்டம்பர் 7

ஞாயிறு. தொடவில்லை. சர்ச் ஹாலில் பாட்டு வரிகளுக்குக் கீழே கண்ணாடிப் பெட்டி ஊதாவில் மின்னியது. மாமா ரிமோட்டைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார்.

செப்டம்பர் 8

வேலை முடிந்து வசேமாதா வந்தாள். தோரிகாவுடைய டீமில் கோல் போடுகிறவள், கல்லூரி நாளிலிருந்து சிநேகிதி. பெட்டிக்குப் பின்னால் போய்க் குனிந்தாள். எழுந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"அண்ணே, நோட்டோட பின்னட்டை உள்பக்கம் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. முன்னாலிருந்துதான் எழுதிக்கொண்டு வருகிறேன். பின்னட்டையைத் திருப்பினேன். பென்சிலில், சின்ன எழுத்தில்:

'திரைக் கம்பியைக் கீழ இருக்கிற கார்டுல சொருகணும். மேல போர்டுல இல்ல. மலிவா வாங்கின பிராசஸர், அதுல படம் வராது. எரோனி மேலதான் சொருகுவான், பாத்துக்கிட்டே இரு வசே.'

மேலேதான் சொருகியிருந்தேன்.

வசேமாதா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "மே மாசமே எங்கிட்ட காட்டிட்டா. நாங்க ரெண்டு பேரும் பந்தயம் கட்டியிருந்தோம். நீங்க டவர்க்காரர், பண்ண மாட்டீங்கன்னு நான் கட்டினேன்."

"எவ்வளவு?"

"ஒரு ஐஸ்கிரீம். அவளுக்கு நான் தரணும்."

நான் கம்பியைப் பிடுங்கிக் கீழே சொருகினேன். படம் வந்தது.

செப்டம்பர் 9

143.

ஐந்து தடவை அளந்தேன். 141, 143, 144, 143, 143. மீட்டர் படிப்பவன் நான், தப்பாகப் படிக்க மாட்டேன். மூன்று மாசம் முன்னால், மருந்துக் கடை இடைவேளையில், பேனாவை வைத்துக்கொண்டு சொன்னாள். ஒரு பாகத்தையும் தொட்டுக்கூடப் பார்க்காமல் சொன்னாள்.

நீதான் சரி தோரிகா. எல்லாமே. பெட்டி உட்பட.

ஆபீஸில் எல்லோரிடமும் சொன்னேன். சூப்பர்வைசரிடமும் சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் கை கொடுத்தார்.

செப்டம்பர் 16

நூறாம் நாள். லீவு. காலையிலேயே அத்தை வீட்டில் எல்லோரும் கறுப்பைக் கழற்றினோம். அத்தை எனக்குப் பூப்போட்ட சட்டை தைத்து வைத்திருந்தார், தோள் கொஞ்சம் இறுக்கம். பிறகு அவரவர் விட்டதை அவரவர் எடுத்துக்கொண்டார்கள். அத்தை டீயில் நாலு கரண்டி சர்க்கரை போட்டு, ஒரு வாய் குடித்து, முகத்தைச் சுளித்தார். பழக்கம் போச்சு என்றார். கிதியோனி முதல் கிண்ணத்தை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான்.

"சும்மா உக்காந்திருக்கியே மச்சான். நீதான் எதையும் விடலையே, உனக்கு என்ன திரும்பக் கிடைக்கப் போகுது?"

சொல்லவில்லை. நூறு நாளாக யாரிடமும் சொல்லவில்லை. குளிக்கும்போது போன் அணையாமல் சோப்புத் தட்டில் இருந்தது. சர்ச்சில் சட்டைப் பையில் இருந்தது. தூங்கும்போது காதுக்குப் பக்கத்தில். அதற்காகத்தான் டவரும் ஏறவில்லை.

நாளைக்கு ஏறுகிறேன் என்று சூப்பர்வைசருக்குச் சொல்லிவிட்டேன்.

இப்போது மணி இரண்டு பத்து. அசிங்கமான பெட்டி முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். இந்த ஆட்டத்துக்காக நாலு பெண்களும் மதியம் லீவு போட்டிருக்கிறார்கள். ஜூனிலிருந்து நாலு பேராகவே விளையாடி நாலு பேராகவே தோற்கிறார்களாம். கீப்பர் இடம் இன்னும் காலி. காதில் வசேமாதா கத்துகிறாள்: "அண்ணே, பின்னால நில்லுங்க, அது போதும். முன்னால வந்து வீரம் காட்ட வேணாம்."

மேஜைமேல் போன் அதிர்கிறது. கிதியோனிதான், கிண்டல் பண்ண. ஆட்டம் தொடங்க இன்னும் ஒரு நிமிஷம்.

போனை அணைத்துவிட்டேன்.