உன் பெயரில் ஒரு கம்பெனி

இன்றைய பத்திரிகையில் உன் பெரியண்ணனின் படம். உங்கள் குடும்பக் கம்பெனியின் ஆண்டு விழாவுக்காக முழுப்பக்கம். "எங்கள் பணிப்பாளர் சபையில் பெண்களுக்கு எப்போதும் இடமுண்டு" என்று சொல்லியிருக்கிறார். மை வாசனை போகாத அந்தத் தாளை இரண்டு தரம் வாசித்தேன். நீ இறந்துபோய் நான்கு வருடம். இருந்திருந்தால் நேரே அவரிடமே போய்க் கேட்டிருப்பாய்.

உன் அப்பா இறந்ததும் அண்ணன்மார் இருவரும் உன்னைப் பணிப்பாளராக்கினார்கள். பாசத்தால் அல்ல. உங்கள் இரும்புக் கடையின் இலாபத்தில் ஒரு பங்கைத் தரகுக் கூலி என்று காட்டி இன்னொரு சின்னக் கம்பெனிக்குத் தள்ளினால் வரி குறையும். அந்தக் கம்பெனிக்குப் பணிப்பாளராகக் காட்ட ஒருவரின் பெயர் வேண்டியிருந்தது. யோசனையை எழுதிக் கொடுத்தவள் நான். அவர்களுடைய கணக்காளர், பள்ளிக்கூடத்தில் உன்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள். அம்பிட்டியவில் உன் வீட்டுக்கே தாள்களைக் கொண்டுவந்து, "இங்க, இங்க" என்று விரல் வைத்துக் காட்டினேன். என்னை நம்பி, வாசிக்காமலே கையெழுத்திட்டாய்.

இரண்டாம் வருடம் நீ வாசித்தாய். கடைக்கு மேல்மாடியில் நடந்த கூட்டத்தில் கேட்டாய்: "இதுக்கு நான்தானே டைரக்டர்? ஆபீஸ் எங்க இருக்கு? யாரு வேலை செய்றாங்க?"

பெரியண்ணன் சிரித்தார். "அதெல்லாம் உனக்கு எதுக்கு தங்கச்சி? கையெழுத்த போட்டுட்டு டீ சொல்லு."

"செய்யாத வேலைக்குக் கூலி. மாட்டினா என் பேரு. அப்படித்தானே?"

என்னைப் பார்த்தாய். நான் கோப்பைப் புரட்டுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன்.

நட்டத்தில் ஓடும் திகன கிளையை மூடச் சொன்னாய். "வரிய ஒளிக்கிறத விட்டுட்டு வியாபாரத்த பாருங்க" என்றாய்.

மறுநாள் நீயே கோப்புடன் வரி அலுவலகத்துக்குப் போனாய். அவர்கள் வரியும் தண்டமும் கட்டவேண்டி வந்தது. உன்னைச் சபையிலிருந்து நீக்கினார்கள். அண்ணன் மகனின் கல்யாணத்துக்கு உனக்கு அழைப்பில்லை. "கூடப்பொறந்தவங்கள காட்டிக்குடுத்தவ" என்று சின்ன அண்ணி கோயிலில் வைத்து உன் முகத்துக்கு நேரே சொன்னாள். பிறகு, நீ சொன்னபடியே, திகன கிளையை மூடினார்கள். இலாபம் ஏறியது. இன்றைய பத்திரிகையில் அது பெரியண்ணனின் தூரநோக்காம்!

நீ நோயில் படுத்திருந்தபோது வந்து மன்னிப்புக் கேட்டேன். "அன்னைக்கு நீ வாய தொறந்திருக்கணும்டி" என்றாய். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்லாதது சரிதான்.

நீ சொன்ன அந்த வார்த்தையைத்தான் சுமந்துகொண்டிருக்கிறேன். அவர்களை விட்டு விலகி இப்போது தனியாகத் தொழில் செய்கிறேன். போன வாரம் ஒருவர், புதுக் கம்பெனிக்குப் பணிப்பாளராக்குவதற்குத் தன் மனைவியைக் கூட்டிவந்தார். "கையெழுத்து மட்டும்தானே மிஸ், சுருக்கா முடிங்க" என்றார். அவரை வெளியே கதிரையில் உட்காரவைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். அந்தப் பெண்ணுக்கு ஒவ்வொரு பக்கமாக வாசித்து, எதற்கெல்லாம் அவள் பொறுப்பாவாள் என்று சொன்னேன்.

"அப்ப எல்லாம் என் தலையிலயா?"

"ஆமா."

அவள் தாள்களை மடித்துக் கைப்பையில் வைத்தாள். "நிதானமா வாசிச்சிட்டு வாறேன் மிஸ்" என்று எழுந்து போனாள். வெளியே அவர் அவளைப் பார்த்துக் கத்தத் தொடங்கினார். நான் கதவைத் திறந்துகொண்டு போய், இருவருக்கும் நடுவில் நின்று, அவருக்குப் பதில் சொன்னேன்.