குறையுண்டு என்ற வீரனைக் குறித்துச் செம்பாறைக் கோட்டைக்கு

திருவும் வெற்றியும் பெருகுக! வெண்குடையும் வேங்கைக் கொடியும் உடைய செங்கால் நாட்டு அரசி பொன்னெழினி நாச்சியார், எமது வடவெல்லையில் செம்பாறைக் கோட்டையைக் காத்து நிற்கும் படைத்தலைவர் காரிக்கிழாருக்கு விடுக்கும் திருமுகம். கோட்டையும் கிணறும் குதிரைகளும் உமது புகழ்பெற்ற மீசையும் நலமாயிருக்க வாழ்த்துகிறோம்.

அந்தி முரசு முழங்கியதும் வீரர் ஒவ்வொருவரும் "குறையொன்றுமில்லை" எனக் கூவுவது உமது கோட்டை வழக்கம். ஆற்றுத்துறைப் போரிலிருந்து மீண்டபின் ஈட்டி வீரன் அந்துவன் மட்டும் குறையுண்டு என்றானென்றும், கண்ணை மூடினால் யானைகள் பிளிறுவது கேட்கிறதென்று சொன்னானென்றும், அக்கோழையின் ஈட்டியைப் பறித்து எல்லோரும் காணத் துரத்த ஆணை வேண்டுமென்றும் எழுதியிருந்தீர்.

ஆணையிடுமுன் மருத்துவச்சி சேந்தியை அங்கு அனுப்பினோம். அவள் திரும்பி வந்து உரைத்தது கேட்டு முதலில் மனம் கனத்தது. பிறகு சிரிப்பை அடக்க முடியவில்லை. தொண்டை கிழியக் கூவிய வீரர் பலரும் உறக்கமின்றி மதிலைச் சுற்றுகின்றனராம். ஊருக்குப் போனவர் மனைவி மக்கள்மீது எரிந்து விழுகின்றனராம். சோற்றுப்பானை உருண்ட ஓசைக்குக் கட்டிலடியில் புகுந்து, மோதிரம் தேடியதாகச் சொன்ன பெரியவர் ஒருவரும் உண்டாம். அவர் பெயரை யாம் கேட்கவில்லை. மீசை மட்டும் வெளியே தெரிந்ததாம்.

காரிக்கிழாரே, கால் முறிந்தவனை நொண்டுகிறான் என்று துரத்துவீரா? மனமும் போரில் அடிபடும். மறைத்தவர் அனைவருக்கும் ஈட்டி இருக்க, மெய் சொன்னவனுக்கு மட்டும் இல்லையென்றால் அந்த நீதி எமக்கு வேண்டாம்.

ஆகவே ஆணையிடுகிறோம்: அந்துவனின் ஈட்டி அவனிடமே இருக்கட்டும். உறக்கம் திரும்பும்வரை அவனுக்குக் காவல் பணி வேண்டாம். குதிரைகளைக் குளிப்பாட்டட்டும், ஊருக்குப் போய்ப் பிள்ளையைக் கொஞ்சி வரட்டும். சேந்தி இனி அங்கேயே தங்குவாள். அந்திக் கூவல் இன்றோடு நிற்க; வீரர் வட்டமாய் அமர்ந்து உள்ளதை உள்ளபடி சொல்க. முதலில் சொல்ல வேண்டியவர் நீர்.

அது கடினமென்று அறிவோம். அதனால் யாமே முந்திக்கொள்கிறோம். அந்த ஆற்றுத்துறைப் போரில் எம் யானை வீழ்ந்த நாள்முதல், தெருவில் யானை மணி ஒலித்தாலே எம் கை நடுங்குகிறது. எந்த அமைச்சரும் இதை அறியார். நீர் திணறினால் இவ்வோலையை வட்டத்தில் வாசித்துக் காட்டும்.

உமது மறுமொழி இன்றித் தூதன் திரும்பலாகாது. அவன் மிகுதியாக உண்பவன், ஆதலால் விரைந்து எழுதுக. வேங்கை முத்திரை இட்டோம். இடும்போது கோயில் யானை தெருவில் போயிற்று. முத்திரை கோணலாக விழுந்தது. அதை யாம் மாற்றவில்லை.