கிழக்கே தம்பி வீடு

மார்ச் 4, 1926

காலையில் இரண்டு பதிவேடுகளைத் தைத்து முடித்தேன். மூன்றாவதற்குப் பசை தடவும்போது என் கணவரின் அண்ணன் வந்தார். என் கணவர் காலமாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் முத்திரைத்தாளோடு வந்துவிட்டார்.

"வீடு, பைண்டிங் பட்டறை எல்லாம் குடும்பச் சொத்தும்மா. நானும் தம்பியும் பாகமே பிரியலையே! ஒரு கையெழுத்துப் போடு. சோத்துக்கும் துணிக்கும் நான் பொறுப்பு."

பதினோரு வருடமாக நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். பிரியலையாம்! கையெல்லாம் பசை, காகிதம் பாழாகிவிடும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மார்ச் 5

கையெழுத்துப் போடவில்லை. சோறும் இறங்கவில்லை.

மார்ச் 9

வக்கீலைப் பார்த்தேன். நல்ல மனிதர், கூட வந்த அப்பாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே பேசினார். அண்ணன் தம்பி பாகம் பிரிந்திருந்தால், என் ஆயுள் வரை வீடு எனக்கு. பிரியாமல் இருந்தால் எல்லாம் அண்ணனுக்கு. எனக்கு ஜீவனாம்சம் மட்டும்.

"வாயால பிரிஞ்சோம்னா கோர்ட்டு நம்பாதும்மா. எழுத்து இருக்கா?"

இல்லை. ஊரார் எழுத்தையெல்லாம் தைத்துக் கொடுத்தீர்களே, நமக்கென்று ஒரு வரி எழுதி வைக்கத் தோன்றவில்லையா? உங்கள் மேல் இவ்வளவு கோபம் வரும் என்று நான் நினைக்கவில்லை. அழுதேன். பிறகு பசை காய்ச்சினேன் — வேலை நிற்குமா?

மார்ச் 17

மதியம் கொல்லைப்புறமாக அக்கா வந்தாள் — அண்ணனின் மனைவி, என் ஓரகத்தி. மடியில் ஒரு பத்திரம். ஆறு வருடம் முன்பு தன் வீட்டை அவள் பெயருக்கு அவர் எழுதி வைத்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"உன் கதையப் பார்த்ததுலேர்ந்து தூக்கமே இல்லடி. இது நிஜமாவே என் பேர்லதான் இருக்கா? படிச்சுச் சொல்லு."

அவள் பெயர் இருந்தது. அதன் கீழே நான்கெல்லை. வடக்கே தெரு, தெற்கே வாய்க்கால், மேற்கே சந்து. "கிழக்கே, என் தம்பிக்குப் பாகத்தில் கிடைத்த வீடு."

கீழே அவரது கையெழுத்து! ஒரு சாண் இடம்கூட விட்டுக்கொடுக்காத மனிதர், தன் எல்லையைச் சரியாகச் சொல்லப் போய் என் வீட்டையும் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

மறைக்கத்தான் நினைத்தேன். மனசு கேட்கவில்லை. அந்த வரியை அவளுக்கு இரண்டு முறை படித்துக் காட்டி, அதனால் எனக்கு என்ன ஆகும் என்பதையும் சொன்னேன்.

"இன்னிக்கு நல்லா ஏச்சு வாங்கப் போறேன்" என்றாள். பிறகு பத்திரத்தை என் பக்கம் தள்ளினாள். "வக்கீல்கிட்ட காட்டு. என் பேர்ல இருக்கிறதுதானே, நான் யாருக்கு வேணா கொடுப்பேன்."

ஜனவரி 22, 1927

தீர்ப்பு வந்துவிட்டது. வீடும் பட்டறையும் என் ஆயுள் வரை எனக்கு. விற்கக் கூடாதாம். யார் விற்கப் போகிறார்கள்? நடுச்சுவரை அந்தப் பக்கத்திலிருந்து யாரோ இரண்டு முறை தட்டினார்கள். அக்காதான். நானும் தட்டினேன்.

பிப்ரவரி 3

நகரசபையிலிருந்து வீடுகளைக் குறித்துக்கொண்டு போக ஒரு குமாஸ்தா வந்தார்.

"வீட்டுக்காரர் இருக்காராம்மா?"

இல்லை என்று வாய்வரை வந்தது, ஒரு வருடப் பழக்கம். "இருக்கார். நான்தான்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பெயர் கேட்டார். ஓரெழுத்தைத் தப்பாக எழுதினார். நிற்கவைத்துத் திருத்தச் சொன்னேன்.