பாட்டிலுக்குப் பின்னால் வைத்த விளக்கு

என் அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கையும் உடம்பளவில் சுகம், நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கிச் சுகமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் இதை எழுத உட்கார்ந்தேன். மனசு எப்படி இருக்கிறது என்பதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன். ஒரு வாரமாக நீ போன் பண்ணும்போதெல்லாம் அம்மா குளிக்கிறாள், அம்மா கடைக்குப் போயிருக்கிறாள் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தாரே, நான் பக்கத்திலேயேதான் இருந்தேன். போனில் என்றால் நீ முந்திக்கொண்டு பேசிவிடுவாய், உன் குரலைக் கேட்டால் எனக்குப் பாதிக் கோபம் இறங்கிவிடும், மிச்சப் பாதியை வைத்துக்கொண்டு என்ன பேசுவது. காகிதத்தில் நான் சொல்லி முடிக்கிறவரை நீ குறுக்கே வர முடியாது.

முதலில் வீட்டுச் சமாச்சாரம். அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது, டாக்டர் மெச்சிக்கொண்டார், அந்தச் சந்தோஷத்தில் வெளியே வந்ததும் ஒரு லட்டை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். உன் தங்கைக்கு ஆபீசில் இடம் மாற்றிவிட்டார்கள், ஏசி நேராகத் தலையில் அடிக்கிறதாம், தினமும் தும்மிக்கொண்டே வருகிறாள். சமையலறைக் குழாயை மூன்றாவது தடவையாக மாற்றினோம், இன்னும் சொட்டுகிறது. என் பேனா மை வியாபாரம் போன வாரம் வரைக்கும் நன்றாக நடந்தது. கருநீலத்துக்கும் ஊதாவுக்கும்தான் கிராக்கி. பச்சையை யாரும் சீந்தவில்லை.

போன திங்கட்கிழமை காலிப் பாட்டில் வாங்கப் பாட்டில் கடைக்குப் போனேன். கடைக்காரர் எப்போதும் போல வாங்க இங்க்கம்மா என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். நாற்பது பாட்டில் எண்ணி அட்டைப்பெட்டியில் அடுக்கினதும், பாட்டில் செய்கிற கம்பெனியிலிருந்து புதுக் கேட்லாக் வந்திருக்கிறது என்று ஒன்றை என் கையில் கொடுத்து அட்டையைத் தட்டிக் காட்டினார். "பாத்தீங்களா இங்க்கம்மா, படம்னா இப்படி இருக்கணும். நீங்களும் போன்ல எடுத்துப் போடுறீங்களே, இதைப் பாத்துக் கத்துக்குங்க" என்றார். பார்த்தேன். சதுரப் பாட்டில், கருநீல மை, உள்சுவரில் மை மெதுவாக வழிந்து இறங்குகிறது, பாட்டிலின் வலது தோளில் கண்ணாடிக்குள் கடுகளவு ஒரு குமிழி. அந்தக் குமிழியை எனக்குத் தெரியும், அதனாலேயே அந்தப் பாட்டிலை விற்காமல் படத்துக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறேன். நான் கையால் எழுதி ஒட்டிய லேபிளை மட்டும் காணோம், சுத்தமாக அழித்திருந்தது. கீழே உன் பெயர். அதற்கும் கீழே, பல மாத முயற்சிக்குப் பிறகு நான் கண்டுபிடித்த எளிய, செலவு குறைந்த முறை என்று இரண்டு வரி.

இது என் படம் என்று சொல்ல வாய் எடுத்தேன், சொன்னால் அடுத்த வார்த்தையாக என் பிள்ளை திருடினான் என்று சொல்ல வேண்டி வரும், வாயை மூடிக்கொண்டேன். அவர் விடாமல், "நல்லா இருக்கா இல்லையா, சொல்லுங்க" என்றார். நல்லா இருக்கு, யாரோ தெரிஞ்சு எடுத்திருக்காங்க என்றேன். யாரோ என்று சொன்னேனப்பா. உன்னைப் பெற்ற வாயால் சொன்னேன். இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூட லேபில் வேலை பார்த்தேன், ஒரு அளவைக் கூடக் கூட்டியோ குறைத்தோ எழுதினதில்லை. உனக்காக அன்றைக்குப் பாட்டில் கடையில் நின்று பொய் சொன்னேன். அவர் அதோடு விட்டாரா, "அடுத்த மாசம் முதல் சனிக்கிழமை பத்து மணிக்கு இந்தத் தம்பி வீடியோல வகுப்பு எடுக்கப் போறாரு, நம்ம குடோன்ல பெரிய திரை போடுறேன், தேன் விக்கிறவங்க, தைலம் விக்கிறவங்க எல்லாரும் வராங்க, நீங்க கட்டாயம் வரணும்" என்று என் பெயரையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அப்பாவிடம் கேட்லாக்கை நீட்டினேன். அவர் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் என் முகத்தைப் பார்த்தார், அப்போதே எனக்குத் தெரிந்துபோயிற்று. கேட்டேன். எட்டு மாதத்துக்கு முன்னாலேயே ஸ்டூடியோவில் உன்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாமே. வேலை தேடிப் போன இடத்திலெல்லாம் நீ எடுத்த படங்களோடு என் படங்களையும் சேர்த்துக் காட்டினாயாம், அதில்தான் பாட்டில் கம்பெனி உன்னைப் பிடித்துக்கொண்டதாம். எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. "பிள்ளைக்கு ஒரு வழி பொறக்குதேன்னு பேசாம இருந்துட்டேன், உன்கிட்ட சொல்ல வேணாம்னு அவன்தான் கெஞ்சினான்" என்கிறார். எட்டு மாதம் ஒரே கூரைக்குக் கீழே எனக்கு நேராக உட்கார்ந்து சாப்பிட்டவர். நீ அங்கே இருந்து செய்தது ஒரு வலி என்றால் இவர் இங்கே இருந்து செய்தது இன்னொரு வலி, இரண்டையும் எடை போட்டுப் பார்க்க என் லேபில் தராசு கிடையாது.

பல மாத முயற்சி என்று போட்டிருக்கிறாயே, வகுப்பில் யாராவது என்ன முயற்சி என்று கேட்டால் முழிக்கக் கூடாது பார், அதனால் சொல்கிறேன், கேட்டுக்கொள். முதலில் போன் ஃபிளாஷ். பாட்டில் நடுவில் சுட்ட புண் மாதிரி வெள்ளையாக ஒரு பொட்டு விழுந்தது. அப்புறம் ஜன்னல் வெளிச்சம். அது தர்மத்துக்குக் கிடைப்பது, ஆனால் பாட்டிலின் வயிற்றில் ஜன்னல் கம்பி, கம்பிக்கு முன்னால் நானும் என் நைட்டியும், இரண்டு பங்கு குண்டாக. பதினோரு மணிக்கு மேல் எதிர்வீட்டு மஞ்சள் சுவர் வெயிலை வாங்கித் திருப்பி அடிக்கும், என் ஊதா மை துரு நிறமாகிவிடும். கடையில் எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்கள் என்று வட்ட விளக்கு ஒன்றைத் தலையில் கட்டினார்கள். முகத்துக்கு நல்லதுதான், கண்ணாடிக்கு வைத்தால் ஒவ்வொரு பாட்டிலும் வளையல் போட்டுக்கொண்டு நின்றது. உன் தங்கை எடுத்துக்கொண்டாள். பிறகு வெள்ளைத் துணிக் கூடாரம், உள்ளே விளக்குப் பட்டை ஒட்டி வருமே அது. சுற்றிலும் வெள்ளை, பாட்டிலின் ஓரம் எங்கே முடிகிறதென்றே தெரியாமல் பாலில் விழுந்த மாதிரி கரைந்துவிட்டது, மேலே விளக்குப் பொட்டுகள் பல்வரிசை மாதிரி இளித்தன. அதை அட்டை கூடக் கிழியாமல் பாதி விலைக்குத் திருப்பினேன்.

எலக்ட்ரிக் கடையில் கல்லாவில் உட்காருகிற பெண்தான் எனக்குக் கண்ணைத் திறந்தாள். மலிவு பல்பு இரண்டு வாங்கிப்போய், ஒன்று நீல வெள்ளை ஒன்று மஞ்சள் வெள்ளையாக எரிகிறது, படத்தில் கோடு கோடாக விழுகிறது என்று சண்டைக்குப் போனேன். அவள் சிரித்துக்கொண்டே, "பெட்டிமேல நம்பர் இருக்கும்மா, நிறத்தை எவ்வளவு உள்ளபடி காட்டும்னு நூத்துக்கு இவ்வளவுன்னு போட்டிருப்பான், தொண்ணூறுக்குக் கீழே வாங்காதீங்க" என்றாள். கூரையில் பதிக்கிற சதுர விளக்கு ஒன்றையும் அவள்தான் எடுத்துக் கொடுத்தாள், படப்பிடிப்பு விளக்கு என்று பெயர் வைத்தால் ஆறு மடங்கு விலை, வீட்டு விளக்கு என்றால் என் ஒரு மாதப் பால் கணக்கு. அதை முன்னால் வைத்தேன், பக்கத்தில் வைத்தேன், மேலே தொங்கவிட்டேன், எங்கே வைத்தாலும் கண்ணாடி அதை அப்படியே காட்டிக்கொடுத்தது. கடைசியில் ஒரு மத்தியானம் அலுத்துப்போய் விளக்கைச் சுவரோரம் சாத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன், திரும்பி வந்தால் விளக்குக்கு முன்னால் இருந்த காலிப் பாட்டில் உள்ளேயிருந்து எரிகிற மாதிரி நிற்கிறது. கண்ணாடிமேல் வெளிச்சம் போடவே கூடாது, அதற்குப் பின்னால் போட வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது. பழைய ஜன்னல் சட்டத்தில் பட்டர் பேப்பரை இழுத்து ஒட்டி விளக்குக்கு முன்னால் நிறுத்தினேன், அதிலிருந்து ஒன்றரைச் சாண் தள்ளிப் பாட்டில். இரண்டு பக்கமும் படத்துக்குள் வராதபடி கறுப்புச் சார்ட் அட்டையைக் கிழித்து நிறுத்தினதும் பாட்டிலின் ஓரம் பேனாவால் கோடு போட்ட மாதிரி எழுந்து வந்தது. அன்றைக்கு நான் சமையலறையில் தனியாகக் கைதட்டினேன்.

ஆனால் அதில் ஒரு கேள்விக்கு உன்னால் பதில் சொல்ல முடியாது. மை நிறைந்த பாட்டில் எந்த வெளிச்சத்திலும் கறுப்பாகத்தானே தெரியும், இந்தப் படத்தில் நிறம் எப்படி வந்தது என்று யாராவது கேட்பார்கள். நான் உனக்கு கிராஃப் தாளில் இரண்டு பக்கம் படம் போட்டு அனுப்பினேனே, அதில் அதை எழுத விட்டுப்போயிற்று. பாட்டிலில் பாதிதான் மை. அப்பா பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு பாட்டிலைச் சாய்த்து நிமிர்த்தி வைத்துவிட்டு விலகுவார், சுவரில் ஒட்டின மை கீழே வழிந்து முடிவதற்குள் நான் எடுக்க வேண்டும், நாலே விநாடி. அந்த ஒரு படத்துக்கு முப்பத்தேழு தடவை சாய்த்தோம். அவர் கை நடுங்குவதால் நாலு பாட்டில் உடைந்து, தரையில் இன்னும் நீலம் போகவில்லை.

அப்போது உனக்குப் பதினொரு படம் அனுப்பி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கட்டைவிரல் பொம்மை ஒன்று வந்தது. இரண்டு நாள் கழித்து, "அம்மா, லைட்டை எங்க வெச்ச?" என்று நீயாகக் கேட்டாய். படப்பிடிப்பு படித்த பிள்ளை என்னிடம் கேட்கிறானே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை, அடுப்பில் பாலை வைத்துவிட்டு அந்த கிராஃப் தாளை எடுத்து உட்கார்ந்தேன், பால் பொங்கி வழிந்ததே தெரியவில்லை. நீ கேட்டது என்னைப் பாராட்ட என்று நினைத்தேன்.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே என்று உன் தங்கையிடம் அழுதுகொண்டே சொன்னேன். அப்புறம் மூன்று நாள் யோசித்தேன், இல்லை, கொடுத்திருக்க மாட்டேன். பணம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன், வீட்டுக்கு வந்துவிடு என்றிருப்பேன், இந்தப் படத்தைக் கொடுத்திருக்க மாட்டேன். லேபில் நான் கலந்ததும் அளந்ததும் எல்லாம் கெமிஸ்ட்ரி சாரின் பெயரில்தான் நோட்டில் ஏறும், எனக்கு அதில் ஒன்றும் வருத்தமில்லை, சம்பளம் வாங்கினேன். இது ஒன்றுதான் நான் யாரும் சொல்லாமல் நானே கண்டது. அது உனக்கும் தெரியும், அதனால்தான் நீ கேட்கவில்லை.

இன்னொன்றும் நடந்தது. புதன்கிழமை என் விற்பனைப் பக்கத்தில் யாரோ ஒருவர், "இது கம்பெனி கேட்லாக் படமாச்சே, அடுத்தவங்க படத்தை எடுத்துப் போட வெக்கமா இல்லையா, சொந்தமா எடுக்க மாட்டீங்களா" என்று எழுதியிருந்தார். உன் தங்கை பதில் எழுதப் போனாள், உன் பெயரோடு எல்லாவற்றையும் போடுகிறேன் என்று குதித்தாள். நான் தடுத்துவிட்டேன். பதினொரு படத்தையும் நானே எடுத்துவிட்டேன், பக்கம் இப்போது வெறுமையாகக் கிடக்கிறது, வியாழக்கிழமையிலிருந்து ஓர் ஆர்டர் கூட வரவில்லை. அப்பாவை விட்டுவிட்டு நானே சாய்த்து நானே எடுத்துப் புதிதாக ஒன்று போடலாம் என்று பார்த்தேன், கை இரண்டுதானே இருக்கிறது. மூன்றாவது தடவை மை பூராவும் மேஜையில். அப்பா வந்து துடைத்தார், கையுறையை மாட்டிக்கொண்டு நின்றார். நானும் எடுத்தேன், பக்கத்தில் இன்னும் போடவில்லை. அவரிடம் பேச இன்னும் கொஞ்ச நாளாகும்.

வேலை போனதை என்னிடம் மறைத்தாயே, அதுதான் எனக்குப் படத்தைவிடப் பெரிது. அம்மாவிடம் சொன்னால் கவலைப்படுவாள் என்றாயாம். எட்டு மாதம் நீ என்ன சாப்பிட்டாய், வாடகை எப்படிக் கட்டினாய் என்று இப்போது மொத்தமாகக் கவலைப்படுகிறேன். கிடைத்த வேலையை விட்டுவிடு என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் கேட்லாக்கில் உள்ள மற்ற படங்கள் நீ எடுத்ததுதான், எனக்குத் தெரிகிறது, தைலப் பாட்டில் வரிசை வெகு அழகு, எனக்கு அப்படி எடுக்க வராது. உன் கையில் வேலை இருக்கிறது. இந்த ஒன்றை மட்டும் உரியவர் பெயருக்குத் திருப்பிவிடு.

முதல் சனிக்கிழமை பத்து மணிக்கு நான் குடோனில் இருப்பேன். பாட்டில் கடைக்காரரிடம் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை, நீ திரையில் பேசும் முன் சொல்லவும் மாட்டேன். கேள்வி கேட்டு உன்னைச் சங்கடப்படுத்தவும் மாட்டேன். ஆனால் வகுப்பு முடிந்து அவர் என் பக்கம் திரும்பி, எப்படி இருந்தது இங்க்கம்மா என்று கேட்டால், இரண்டாவது தடவை என்னால் பொய் சொல்ல முடியாது, அதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கடைவாய்ப் பல் வலிக்கிறது என்றாயே, தள்ளிப்போடாமல் போய்க் காட்டு, மாத்திரை போட்டுப் போட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. குளிரில் தலையை மூடிக்கொள். வகுப்பன்று வெறும் வயிற்றோடு உட்காராதே, உனக்குப் பதற்றம் வந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும், பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள். நீ நீண்ட ஆயுசோடு, கையில் தொழிலோடு, யார் முகத்தையும் நேராகப் பார்க்கிறவனாக இருக்க வேண்டும் என்று தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கிறேன். அன்றைக்கு நீ வாய் திறக்கும்போது முதல் வார்த்தை நல்லதாக வரட்டும்.

உன் மேல் கோபத்தோடும் பிரியத்தோடும்,
அம்மா