ஏழு வகைப் பலகாரம்

இன்று காலை பரணிலிருந்து அச்சு முறுக்கு அச்சை இறக்கிக் காகிதத்தைப் பிரித்தேன். போன வருஷத்து எண்ணெய் வாடை முகத்தில் அடித்தது. கூடவே உன் குரலும் வந்துவிட்டது: "ஏட்டி, யாரு கேட்டா உங்கிட்ட?"

யாரும் கேட்கவில்லைதான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கல்யாணமாகி இந்தப் புனே கட்கி குவார்ட்டர்ஸுக்கு வந்த முதல் கிறிஸ்துமஸுக்கு, திருநெல்வேலிக் கைப்பக்குவத்தைக் காட்டுகிறேன் பேர்வழி என்று ஏழு வகை செய்து பதினாலு வீட்டுக்கும் தட்டு கொடுத்தேன். அடுத்த வருஷம் ஆறாகக் குறைந்தால் என்ன நினைப்பார்களோ என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். டிசம்பர் பிறந்தால் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும்போதும் நினைப்பெல்லாம் முந்திரிக்கொத்தில்தான். வீட்டில் பிள்ளைகள்மேல் எரிந்து விழுவேன்.

எதிர்வீட்டில் நீயோ பேக்கரியில் வாங்கின நான்கட்டாய் பிஸ்கட்டைத் தட்டுகளில் பரப்பி, மேலே ஒரு துணியைப் போட்டு மூடி, "முடிஞ்சது போ" என்று காலை நீட்டி உட்கார்ந்துவிடுவாய். "உன் அதிரசம் ஜனவரி வரைக்கும் எல்லா வீட்லயும் டப்பால கெடக்கு, என் கண்ணால பாத்தேன். வா, ச்சாய் குடிப்போம்" என்பாய். எனக்கு ஆத்திரமாக வரும். சோம்பேறிக்குச் சாக்குக்கா பஞ்சம் என்று உன் முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறேன். நீ சிரித்தாய்.

போன டிசம்பரில் ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனிச் செய்ய ஒன்றுமில்லையாம். உன் வீட்டுக்காரர் படிக்கட்டில் நின்று சொன்னார். அழுதேன். அழுதுகொண்டே மாவும் பிசைந்தேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் தட்டோடு வந்தேன். கஞ்சிகூட இறங்காத உனக்கு ஏழு வகை! எழுதவே வெட்கமாக இருக்கிறது. நீ தட்டைப் பார்க்கவில்லை. கட்டில் ஓரத்தைத் தட்டிக் காட்டினாய்.

"பலகாரம் கெடக்கட்டும். கொஞ்ச நேரம் உக்காருட்டி."

"இன்னும் நாலு வீடு இருக்கு. குடுத்துட்டு ஓடி வந்துருதேன்."

வரவில்லை. அந்த நாலில் இரண்டு வீடு பூட்டிக் கிடந்தது. திரும்பி வந்து கேக்குக்கு முட்டை அடித்தேன். மறுநாள் விருந்தாளிகள். அதற்கு மறுநாள் விடிந்ததும் உன் வீட்டிலிருந்து அழுகைச் சத்தம் கேட்டது.

உன் வீட்டில் இப்போது ஒரு மராத்திக் குடும்பம். இன்று அச்சு முறுக்கு மட்டும் சுட்டேன். சாயங்காலம் அந்த அம்மாளுக்குக் கொண்டுபோனேன். "பஸா நா, தாயி" என்று உட்காரச் சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டார். இன்னும் நாலு வீடு இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன், பாவி. சொல்லாமல் உட்கார்ந்தேன். உன் கட்டில் கிடந்த அதே சுவர் ஓரம். டீ குடித்து முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. யாரும் என்னைத் தேடவும் இல்லை.

யாரு கேட்டா, யாரு கேட்டா என்பாயே. இத்தனை வருஷத்தில் என்னிடம் ஒன்றைக் கேட்டவள் நீ ஒருத்திதான். அதைத்தான் நான் செய்யவில்லை.